மாணவர் பக்கத்தில் கதை எது, தகவல் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. பின்னேரங்களில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு வரும் பிள்ளைகளோடு இருந்து வாசிக்கிறேன். தரம் 4 தொடக்கம் தரம் 9 வரை படிக்கிற பிள்ளைகள். பத்திரிகை வந்தால் பெரியவர்கள் முன்பக்கத்தையும் மரண அறிவித்தல்களையும் எடுத்துக்கொள்வார்கள். மாணவர் பக்கம் எங்கள் மேசைக்கு வரும். அதில் நீங்கள் போடுகிற ஒவ்வொரு வரியும் அங்கே சத்தமாக வாசிக்கப்படுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அண்மையில் அந்தப் பக்கத்தில் "பொது அறிவு" என்ற தலைப்பின் கீழே யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணறு பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. இராமர் தன் படையின் தாகம் தீர்க்க அம்பு விட்டு உண்டாக்கிய கிணறு, அதற்கு அடியே கிடையாது, அதில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் போய் மிதக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கீழேயே ஒரு காகம் பேசுகிற சிறுவர் கதை. அதன் மேலே "கதை" என்று ஒழுங்காகப் போட்டிருந்தது. வாசித்து முடிந்ததும் தரம் 6 படிக்கிற ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், எலுமிச்சம்பழத்தை ஆரும் போட்டுப் பாத்தவையோ?"

காகத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. காகம் எப்படிப் பேசியது, அதைக் கேட்டது யார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். கதை தொடங்கியதுமே அந்தக் கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிடப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் "பொது அறிவு" என்று தலைப்புப் போட்டால் அந்தக் கேள்விக்கு எழுதியவர் பதில் வைத்திருக்க வேண்டும். கதைக்கும் தகவல் எழுத்துக்கும் நான் காண்கிற முதல் வேறுபாடு இதுதான். தகவல் எழுதுகிறவரிடம் "உமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வாசகருக்கு உரிமை உண்டு.

நிலாவரை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். இராமர் கதையை நானும் சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவள்தான். அந்தக் கதை எங்கள் ஊரின் சொத்து. அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை, அது பிள்ளைகளுக்குச் சொல்லப்படவே வேண்டும். ஆனால் அதற்குரிய தலைப்பின் கீழே சொல்லுங்கள். பக்கத்திலேயே கிணற்றைப் பற்றிய தகவலையும் போடுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் பிள்ளைக்கு எவ்வளவு நல்லது!

ஏனென்றால் நிலாவரையின் தகவல் அந்தக் கதையை விட அதிசயம் குறைந்ததல்ல. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. பல இலட்சம் வருடங்களுக்கு முந்திய மயோசின் என்ற காலத்தில் கடலடியில் படிந்த கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகி, அந்தக் கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாக அரிக்கிறது. உள்ளே குகையும் குழாயும்போல வெற்றிடங்கள் உண்டாகின்றன. ஓரிடத்தில் கூரை தாங்காமல் இடிந்து விழுந்தால் மேலே ஒரு பள்ளம் திறக்கும். நிலாவரை அப்படித் திறந்த ஒரு வாய். அதற்கு அடி உண்டு. ஆழம் ஏறக்குறைய 50 மீற்றர். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப்போக உவர்.

ஏன் அப்படி? கடல்நீர் நன்னீரை விட இரண்டரைச் சதவீதம் அளவில் பாரம் கூடியது. மழையால் வந்த நன்னீர் நிலத்துக்குக் கீழே கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் சொல்லும் கணக்கு. இதைத் தலைகீழாக வாசித்துப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழே உவர் 40 அடி மேலே வர வழி செய்கிறோம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான். நாங்கள் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் இந்த மிதக்கிற தண்ணீரைத்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவரின் மகன், "அப்ப எங்கட கிணறு உவராப் போனது அதாலயோ?" என்று கேட்டான். அவனுடைய வீட்டுக் கிணற்றைப் பற்றி அவனுக்கே ஒரு கேள்வி பிறந்துவிட்டது.

எலுமிச்சம்பழத்தையும் நான் தள்ளிவிடவில்லை. சுண்ணாம்புக்கல்லின் உள்ளே நீர் வெடிப்புகள் வழியே கடற்கரைப் பக்கம் ஓடுகிறது. கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊறுகிறது. ஆகவே எங்கள் முன்னோர் எதையோ கவனித்துத்தான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் "தொடர்பு இருக்கலாம்" என்பது வேறு, "பழம் போய் மிதக்கும்" என்பது வேறு. தொடர்பைச் சோதிக்க வழி உண்டு. ஓரிடத்து நீரில் சாயம் கலந்துவிட்டு மற்ற ஊற்றுகளில் அந்தச் சாயம் வருகிறதா, எத்தனை நாளில் வருகிறது என்று பார்ப்பார்கள். சுண்ணாம்புக்கல் உள்ள நாடுகளில் இது வழக்கமான சோதனை. அந்தப் பிள்ளை கேட்டது சரியாக இதைத்தான். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஓர் ஆய்வாளரின் கேள்வி வந்திருக்கிறது. உங்கள் பக்கம் அந்தக் கேள்வியை வளர்க்க வேண்டும்.

இனி வாசிக்கும் முறை. கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். நடுவில் திறந்தால் சுவை கெட்டுவிடும், முடிவை யாராவது முன்கூட்டிச் சொன்னால் கோபம் வரும். தகவல் நூல் அப்படியல்ல. தேவையான இடத்தைத் தேடிப் போகலாம், போக வேண்டும். பொருளடக்கம், உபதலைப்பு, படத்தின் கீழே உள்ள சிறிய எழுத்து, அட்டவணை, வரைபடத்தின் அளவுத்திட்டம், கடைசியில் சொல்லடைவு எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு இவை இருப்பதே தெரியவில்லை. பாம்பு பற்றிய ஒரு நூலைக் கொடுத்து, கண்ணாடி விரியனைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார் என்றால் முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார்கள். பத்தாம் பக்கத்தில் களைத்துப்போய் மூடி வைக்கிறார்கள். பிறகு "எனக்கு இந்த மாதிரிப் புத்தகம் விருப்பமில்லை ரீச்சர்" என்கிறார்கள். கதைக்குரிய முறையில் வாசிக்கப் போனதுதான் பிரச்சினை. கடைசிப் பக்கங்களைத் திறந்து அகரவரிசையில் "க" எங்கே என்று காட்டினேன். கண்ணாடி விரியனுக்கு நேரே பக்க எண் இருந்ததைக் கண்டதும் ஒரே ஆரவாரம். பிறகு வீட்டில் கண்ட எல்லாப் பாம்பையும் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொன்று, வருடம். நல்ல கதைக்கு வயது ஒரு குறையல்ல. நூறு வருடத்துக்கு முந்திய கதையையும் இன்று எழுதியதுபோல வாசிக்கலாம். தகவலுக்கு அப்படியில்லை. எங்கள் நிலையத்து அலுமாரியில் உள்ள பழைய வானியல் புத்தகம் சூரியனுக்கு ஒன்பது கோள்கள் என்கிறது. புளூட்டோவைச் சர்வதேச வானியல் ஒன்றியம் 2006இல் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. அந்தப் புத்தகம் அதற்கு முன்பு அச்சானது. எழுதியவர் பொய் சொல்லவில்லை, அன்று அறிந்ததை அன்று எழுதினார். ஆகவே தகவல் நூலைக் கையில் எடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பி எந்த வருடம் என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நிலையத்துக்கு நன்கொடையாக வருகிற புத்தகங்களில் சிலவற்றில் அந்தப் பக்கமே கிழிந்திருக்கிறது. உங்கள் மாணவர் பக்கத்திலும் பல குறிப்புகளுக்கு எழுதியவர் பெயரும் இல்லை, எங்கிருந்து எடுத்தது என்றும் இல்லை. இணையத்திலிருந்து எடுத்திருந்தால் அதையாவது சொல்லலாமே.

இது பாடசாலைப் பாடம் மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாரி மழை தொடங்கினால் இங்கே டெங்குக் காலம். 2017இல் இலங்கை முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து துண்டுப்பிரசுரம் தந்துவிட்டுப் போவார். அதே நேரத்தில் வட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். ஒருவருக்குக் குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) பயங்கரமாக இறங்கிவிட்டது, பப்பாசி இலைச்சாறு குடித்தார், இரண்டே நாளில் எழுந்து நடந்தார். அதில் ஓர் ஆள் இருக்கிறார், அழுகிற மனைவி இருக்கிறார், கடைசியில் ஒரு வெற்றி இருக்கிறது. வாசிப்பவர் மனம் அங்கேதான் போகும். துண்டுப்பிரசுரத்தில் ஆளே இல்லை. அது வாசலில் செருப்புக்குக் கீழே கிடக்கும்.

பிள்ளைகளோடு இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தேன். அந்த வட்ஸ்அப் கதை உண்மையாகவே நடந்திருக்கலாம். அவர் சாறு குடித்திருப்பார், சுகமாகியும் இருப்பார். ஆனால் டெங்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சாறு குடிக்காமலே சுகமாகிறார்கள். அப்படியென்றால் அவரைச் சுகப்படுத்தியது சாறுதானா என்று அந்த ஒரு ஆளை வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா? குடித்தவர்கள் பலரையும் குடிக்காதவர்கள் பலரையும் எடுத்து ஒப்பிட்டால்தான் தெரியும். தரம் 8 படிக்கிற பிள்ளைக்கு இது விளங்குகிறது. பெரியவர்கள் பலருக்கு விளங்காமல் இருப்பது எனக்கு உண்மையில் கவலை.

பிறகு துண்டுப்பிரசுரத்தை வரி வரியாக எடுத்தோம். "நீர் தேங்கும் பாத்திரங்களின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும்" என்று இருந்தது. ஏன் தேய்க்க வேண்டும், தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாதா என்று ஒருவன் கேட்டான். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீருக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறினதும் பொரிக்கும். "தேய்த்து" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. இன்னொரு வரி: காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று எண்ண வேண்டாம். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்துத் தொடங்கக்கூடிய நேரம். கடுமையான வயிற்றுநோ, விடாத வாந்தி, இரத்தக் கசிவு கண்டால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும்தான், அஸ்பிரின், இபுபுரோபன் எடுக்கக்கூடாது. கதையில் காய்ச்சல் விட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், கதை முடிந்துவிடும். இங்கே அந்த இடத்தில்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தகவலை அதற்குரிய முறையில் வாசிக்கத் தெரியாவிட்டால் உயிரே போகலாம் என்பதற்கு இதை விட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

பூச்சிமருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற தாளும் அப்படித்தான். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று அதில் இருக்கும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி அதை வீட்டில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் கத்தரிக்காய் பிடுங்குகிற நாளைத் தள்ளிப் போட்டாராம். அவள் வந்து சொன்னபோது எனக்கு இருந்த சந்தோசத்தை எழுத முடியாது.

வாசிப்பு ஒரு பக்கம், எழுத்து இன்னொரு பக்கம். பனையைப் பற்றி எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பாதிப் பேர் "நான்தான் பனைமரம் பேசுகிறேன்" என்று தொடங்கினார்கள். மற்றப் பாதி "கற்பகதருவாம் பனை" என்று தொடங்கி, 801 பயன்கள் உண்டு என்று எழுதினார்கள். பயிற்சிப் புத்தகங்களிலும் கட்டுரைக் கோவைகளிலும் அப்படித்தான் இருக்கிறது, பிள்ளைகளில் பிழையில்லை. மரம் பேசுவது நல்ல கற்பனைப் பயிற்சி. ஆனால் பேசுகிற மரம் எதையும் சொல்லலாம், அதைத் திருத்த எங்களால் முடியாது. 801 என்ற எண் ஒரு பழைய செய்யுளின் வழியாக வந்தது. செய்யுளின் பெருமையை நான் குறைக்கவில்லை, ஆனால் அந்தப் பயன்களில் பத்தைச் சொல்லு என்றால் ஆறாவதோடு நின்றுவிடுகிறார்கள். எண் தெரியும், பனை தெரியாது.

சரி, 801 வேண்டாம், ஒன்றை மட்டும் எடுத்து எழுதுவோம் என்றேன். உங்கள் வீட்டில் யாருக்குத் தெரியுமோ அவரிடம் கேட்டு எழுதுங்கள், கேட்டவர் யார் என்றும் எழுதுங்கள். ஒரு பையன் ஒடியலை எடுத்தான். அம்மம்மாவிடம் கேட்டு வந்து எழுதியதை அப்படியே தருகிறேன்:

"பனம்பழம் தின்ற பிறகு கொட்டையை எறியக்கூடாது. மண்ணைக் குவித்துப் பாத்தி போட்டுக் கொட்டைகளை நெருக்கமாக அடுக்க வேண்டும். மழைக்கு முதல் போட வேண்டும் என்று அம்மம்மா சொன்னா. மூன்று நாலு மாதத்தில் கிழங்கு வரும். கிண்டி எடுத்துத் தும்பு வார்ந்து, பச்சையாகவே நெடுக்காகப் பிளந்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கிக் கூழ் காய்ச்சுவார்கள், பிட்டும் அவிப்பார்கள். புழுக்கொடியலை அப்படியே சப்பிச் சாப்பிடலாம். எத்தனை நாள் காய வேண்டும் என்று கேட்டேன். வெயிலைப் பொறுத்தது, முறித்தால் சத்தம் வர வேண்டும் என்று சொன்னா. பிறகு நானே ஒன்றை முறித்துப் பார்த்தேன். சத்தம் வந்தது."

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடைசி வரிகளைப் பாருங்கள். அம்மம்மா சொன்னதை எழுதியவன், அது சரியா என்று தானே ஒன்றை முறித்துப் பார்த்திருக்கிறான். ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். இதில் கற்பகதரு இல்லை, ஆனால் பனையை அறியாத ஒருவர் இதை வாசித்துவிட்டுப் பாத்தி போடலாம். தகவல் எழுத்து என்றால் இதுதான் என்று நான் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறேன்.

இதையெல்லாம் சொல்வதால் கதை இரண்டாம் பட்சம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து சனங்கள் போரினால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள் என்பது தகவல். திகதி, பாதை, எத்தனை பேர் என்பதைச் சரிபார்த்து எழுத வேண்டும். அந்த இரவு மழையில் தையல் மெசினைத் தலையில் சுமந்துபோன ஒரு தாயைப் பற்றி யாராவது கதை எழுதினால், அந்தத் தாய் பிறந்திருக்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாலத்தில் நின்றவர்கள் வாசித்தால் "ஓம், இப்படித்தான்" என்பார்கள். அதுவும் உண்மைதான், வேறு வகை உண்மை. அதைச் சரிபார்க்கிற இடம் வாசகரின் மனம். மற்றதைச் சரிபார்க்க ஆவணம் வேண்டும், கண்டவர்களின் சாட்சியம் வேண்டும். இரண்டும் எங்களுக்குத் தேவை. அடுத்த தலைமுறை இந்தக் கதைகளை மட்டும் வாசித்துவிட்டுத் திகதிகளை விட்டுவிடக்கூடாது, திகதிகளை மனப்பாடம் செய்துவிட்டு அந்தத் தாயைத் தெரியாமலும் இருக்கக்கூடாது.

இரண்டும் கலந்த எழுத்துகள்தான் கடினமானவை. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை என்ற வரலாற்று நூலை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்பாடி என்ற பாணன் ஒருவன் அரசனைப் பாடி மணற்றிடல் என்ற நிலத்தைப் பரிசாகப் பெற்ற கதையும் அதில் இருக்கிறது, அரசர்கள், அந்நியர் ஆட்சி பற்றிய செய்திகளும் இருக்கின்றன. வரலாற்று ஆசிரியர்கள் அதை ஒதுக்குவதில்லை, அப்படியே நம்புவதுமில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் எழுதி வைத்த ஆவணங்களோடும் கல்வெட்டு, நாணயங்களோடும் ஒப்பிட்டு எது எவ்வளவு நிற்கும் என்று பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளோ யாழ்பாடியின் கதையையும் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் வரலாற்றையும் ஒரே குரலில் ஒப்புவிக்கிறார்கள். உயர்தர வகுப்புக்கு வந்த பிறகுதான் சிலருக்கு வேறுபாடு தெரிகிறது. ஏன் அவ்வளவு காலம் காக்க வேண்டும்?

தகவல் எழுத்துகளும் ஒன்றோடொன்று முரண்படும் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். சுன்னாகத்துப் பக்கக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்துவிட்டது என்ற பிரச்சினை 2014, 2015இல் எழுந்தபோது ஓர் அறிக்கை ஒன்றைச் சொன்னது, இன்னொன்று வேறொன்றைச் சொன்னது. சனங்கள் குழம்பினார்கள். அந்த நேரத்தில் எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எதை அளந்தார்கள், அளந்தவர் யார், அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு என்று கேட்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள்? "எல்லாம் பொய்" என்று ஒருவர், "ஒன்றுமில்லை" என்று இன்னொருவர். தங்கள் கிணற்றைப் பற்றிய அறிக்கையைத் தாங்களே வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத நிலை ஒரு சமூகத்துக்கு வரக்கூடாது.

இத்தனைக்கும் இந்த எழுத்து எங்கள் மண்ணுக்குப் புதியதல்ல. 1841இலேயே இங்கு உதயதாரகை என்ற பத்திரிகை வெளிவந்தது. 1847இல் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் இருந்து மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், தமிழில் நூல்களும் வெளியிட்டார். உடற்கூறும் இரணவைத்தியமும் (அறுவை மருத்துவமும்) அன்றைய பிள்ளைகள் தமிழில் வாசித்தார்கள். 1902இல் முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் யாழ்ப்பாணத்தில் அச்சானது. தமிழில் கலைக்களஞ்சிய முயற்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்கள் இருந்தன என்று எல்லோரும் சொல்கிறோம். அவற்றில் ஓலைச்சுவடிகளும் இருந்தன. எண்ணைச் சொல்லும்போது எங்களுக்குத் தொண்டை அடைக்கிறது. அந்த நூல்களை ஒரு பிள்ளை எப்படித் தேடி எடுத்து வாசித்திருக்கும் என்பதையும் நாங்கள் பேச வேண்டும்.

மீண்டும் கட்டப்பட்ட அந்த நூலகத்தில் இன்றும் நூல்கள் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. டூயி தசாம்ச வகைப்பாட்டில் 500 என்றால் விஞ்ஞானம், 610 மருத்துவம், 630 விவசாயம், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். நாட்டார் கதைகளுக்கு 398, அது சமூக அறிவியலுக்குள் வருகிறது. நிலாவரைக் கிணற்றுக் கதை 398இல் இருக்கும், சுண்ணாம்புக்கல் 550களில் இருக்கும். பெற்றோர் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிப் போனால் சிறுவர் பகுதியோடு திரும்பாமல், இந்த எண்களைக் காட்டி ஒரு முறை அலுமாரிகளுக்கு நடுவே நடக்கவிடுங்கள். புலமைப்பரிசில் கடந்த வினாத்தாள்களை வாங்கிக் கொடுப்பதற்கு முதல் இதைச் செய்யுங்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாணவர் பக்கத்தில் கதையை ஒரு பெட்டியிலும் தகவலை இன்னொரு பெட்டியிலும் போடுங்கள். மரபுக்கதை என்றால் மரபுக்கதை என்று எழுதுங்கள். தகவலுக்குக் கீழே எழுதியவர் பெயரும், அவர் எதை வைத்து எழுதினார் என்பதும் ஒரு வரியில் வரட்டும். அளவு சொன்னால் எந்த வருடத்து அளவு என்றும் சொல்லுங்கள். படத்துக்குக் கீழே அது எந்த இடம் என்று எழுதுங்கள். நிலாவரைக் குறிப்போடு வந்த படம் நிலாவரையே அல்ல, எங்கள் பிள்ளைகள் கண்டதுமே சொல்லிவிட்டார்கள். பிழை வந்தால் அடுத்த வாரம் அதே இடத்தில் திருத்தத்தைப் போடுங்கள். பிள்ளைகள் அதையும் வாசிக்கட்டும். தகவல் எழுதுகிறவர்கள் திருத்திக்கொள்வார்கள் என்பதை அவர்கள் வேறு எங்கே பார்ப்பார்கள்?

மாதத்தில் ஒரு முறையாவது பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றிக் கேட்டு, பார்த்து, அளந்து எழுதியதற்கு இடம் கொடுங்கள். மீன்பிடிக்கிற ஊர்ப் பிள்ளைகள் வலையைப் பற்றி எழுதட்டும், நெடுந்தீவுப் பிள்ளைகள் தங்கள் குதிரைகளைப் பற்றி எழுதட்டும். "மரம் பேசுகிறது" வேண்டாம், யாரிடம் கேட்டது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

ஒடியல் பற்றி அந்தப் பையன் எழுதியதன் முழுப் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். மேலே தந்தது பாதிதான். கிழங்கின் தும்பு வாருவது எப்படி என்று அவன் வரைந்த படமும் இருக்கிறது. பிரசுரித்தால் எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்துங்கள், "சொன்னா" என்பதைத் திருத்த வேண்டாம். கட்டுரையின் முடிவில் "தகவல் தந்தவர்: எனது அம்மம்மா" என்று அவன் எழுதியிருக்கிற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
புத்தூர்.